கரும்பட்டு ரோஜாவுக்கு நான் இழைத்த அநீதி

மண்ணைப் பிசைந்து மணத்தைப் பிறப்பிக்கும் மாண்புமிக்க பெருமக்களே! பகலெல்லாம் மருந்துக்கடையில் மனிதருக்கும், மாலையில் மொட்டை மாடியில் செடிகளுக்கும் ஒரே கையால் மருந்து கலந்து கொடுத்து, இன்றுவரை ஒன்றை மற்றதற்கு மாற்றிக் கொடுத்துவிடாத எங்கள் சங்கத் தலைவர் அவர்களே! மூட்டு வலியை முணுமுணுக்காமல், உரமூட்டையை முதுகில் சுமந்து, மூன்று மாடி ஏறி முன்னோடியாய் விளங்கும் மூத்தோர்களே! அரிசி கழுவிய நீரையும் கீழே கொட்ட மனமின்றித் தொட்டியில் ஊற்றித் தொட்டியில் ஊற்றிச் செடி வளர்த்துவிட்டு, அது பூத்த அன்று “நான் வளர்த்தது” என்று மார்தட்டும் கணவரைப் பொறுத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மார்தட்டும் அந்தக் கணவர்களே! இரண்டாவது வரிசையில் ஒரே போர்வையை ஆளுக்குப் பாதியாகப் போர்த்தியிருக்கும் என் மனைவியே, அவள் தங்கையே! கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், கோபம் வந்தால் எழுந்து போக வசதியான நாற்காலியாகப் பார்த்து அமர்ந்திருக்கும் என் சகலை அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் உள்ளம் நிறைந்த, உதடு உலர்ந்த வணக்கம்.

ஏன் உலர்ந்த உதடு என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது. அழைப்பிதழில் என் பெயருக்கு நேரே “வீட்டுக்கு ஏற்ற ரோஜா எது? ஓர் ஒப்பாய்வு” என்று அச்சிட்டிருக்கிறார்கள். இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். ஆய்வைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். மீதிப் பத்து நிமிடத்தில் நான் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். போன ஆண்டு இதே மண்டபத்தில், இதே மைக்கில், ஒரு நல்ல மனிதரின் நல்ல செடியைப் போலி என்று சொன்னவன் நான். அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளாமல் இந்த மேடையை விட்டு இறங்க எனக்கு உரிமை இல்லை. மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் நடுவே ஓராண்டாகக் கிடக்கும் மௌனம் இன்றைக்குப் போகுமா, போகாதா என்பதுதான் எனக்கு வாழ்வா சாவா என்ற கேள்வி.

முதலில் ஆய்வு. வேண்டாம், நேராக மன்னிப்புக்கு வா என்கிறார் தையற்கடை அக்கா. அக்கா, ஊசியில் நூல் கோக்காமல் தைக்க முடியுமா? கொஞ்சம் பொறுங்கள்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். வெளிச்சப் பலகைக்கு முன்னால் பாட்டில்கள் வரிசை வரிசையாக ஓடும். விரிசல், குமிழி, கோணல் எது இருந்தாலும் தட்டித் தள்ளுவேன். இருபத்திரண்டு ஆண்டுகள் தள்ளியிருக்கிறேன். குறை காண்பதே தொழிலாகி, குறை காண்பதே குணமாகி, குறை காண்பதே குடும்ப வாழ்க்கையுமாகிப் போனவன் நான். என் மனைவி காபி கொண்டுவந்தாலும் கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன். இப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு ரோஜா வளர்த்தால் என்ன ஆகும்? பூவைப் பார்த்துச் சிரிக்கத் தெரியாது. பூவுக்கு மதிப்பெண் போடத்தான் தெரியும்.

போட்டேன்! பதினான்கு வகை ரோஜா, பதினான்கு தொட்டி, ஒரு நோட்டுப் புத்தகம். மணத்துக்கு இருபது, நிறத்துக்கு இருபது, இதழின் எண்ணிக்கைக்குப் பத்து, முள்ளுக்குக் கழித்தல், இலையில் கரும்புள்ளி விழுந்தால் அதற்கும் கழித்தல். என் மனைவி ஒரு நாள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இத்தனை ஆண்டில் தனக்கு எவ்வளவு போட்டிருக்கிறேன் என்று கேட்டாள். அன்றிலிருந்து நோட்டுக்குப் பூட்டு போட்டேன்.

மஞ்சள் ரோஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்கு மலரும். ஆகா என்போம். உணவு முடித்துவிட்டு வந்து பார்த்தால் காம்பு மட்டும் இருக்கும், ஆளைக் காணோம். அரசாங்க அலுவலகத்தில் வளர்க்க ஏற்ற வகை. இங்கே சிரிக்காத மூன்று பேரும் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், வருந்த வேண்டாம். ஆரஞ்சு ரோஜா பளபளக்கும், பகட்டும், பத்து வீடு தள்ளி நின்றாலும் கண்ணைப் பறிக்கும். பக்கத்தில் போய் முகர்ந்தால் வெறும் காற்று. மேடைப் பேச்சாளர்களுக்கு உரியது அது, ஒன்று நானே வைத்திருக்கிறேன். பன்னீர் ரோஜா இருக்கிறதே, ஒரு பூ பூத்தால் மூன்று அறைகள் மணக்கும். ஆனால் தும்மிவிடக் கூடாது. தும்மினால் இதழ் அத்தனையும் தரையில். வெள்ளை ரோஜாவுக்கு மழை ஆகாது. மொட்டாகவே நனைந்து, மொட்டாகவே பழுத்து, மொட்டாகவே முடிந்துவிடும். கொடி ரோஜா பால்கனிக் கம்பியைப் பிடித்தது, துணி காயும் கயிற்றைப் பிடித்தது, கடைசியில் என் சட்டையையும் பிடித்தது. அந்தச் சட்டையைத்தான் இப்போது போட்டிருக்கிறேன், முதுகைக் காட்டப் போவதில்லை.

பட்டன் ரோஜாவை மட்டும் மறந்துவிட்டேன். ஆண்டு முழுவதும் இடைவிடாமல் நூறு பூ பூத்தது. சிறிய பூவாயிற்றே என்று நோட்டில் அதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. இதிலேயே என் ஆய்வின் அழகு உங்களுக்குப் புரிந்திருக்கும்.

இனி கரும்பட்டுக்கு வருகிறேன். பெருமக்களே, இப்போது மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு எழுகிறது. தெரியும். உங்களில் நாற்பது பேர் வீட்டில் அந்தப் பெயர்ச்சீட்டு தொங்குகிறது. அதற்கும் வருகிறேன், தப்பித்து ஓடமாட்டேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் என் சகலையும் ஒரே நாளில், ஒரே நர்சரியில், ஒரே வரிசையிலிருந்து ஆளுக்கு ஒரு கரும்பட்டு வாங்கினோம். எங்கள் மனைவியர் அக்கா தங்கை. ஆகவே பெயர்தான் இரண்டு வீடு. சாவி எல்லாம் ஒரே ஆணியில். நான் மேல்வீடு, அவர் கீழ்வீடு. அவர் மருத்துவமனையில் எலும்பு முறிந்தவர்களுக்கு மாவுக்கட்டு போடுபவர். நாளெல்லாம் பிறர் கத்துவதைக் கேட்டுக் கேட்டு, தாம் பேசுவதையே மறந்துபோனவர். ஒரு நாளைக்கு அவர் பேசும் வார்த்தைகளை நான் பல் துலக்கும் நேரத்திலேயே பேசி முடித்துவிடுவேன்.

கரும்பட்டு என்றால் என்ன? கறுப்பை எட்டிப் பார்க்கும் சிவப்பு. இதழ் ஒவ்வொன்றும் கனத்த பட்டுத் துணி. மணமோ, நம்மை நடுப்பேச்சில் நிறுத்திவிடும். ஆனால் பலமில்லாத உடம்பு. நர்சரிக்காரர் அதனால்தான் அதை முரட்டு வேர் கொண்ட வேறொரு ரோஜாவின் அடித்தண்டில் ஒட்டுக் கட்டிக் கொடுப்பார். மேலே பூக்கும் செடி ஒன்று, கீழே தாங்கும் வேர் வேறொன்று. ஒட்டுக்கு மேலே வருவதுதான் நம் செடி. இங்கே இருக்கும் எல்லாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். அதுதானே கொடுமை!

நான்காம் மாதம் என் தொட்டியில் ஓர் அதிசயம். மேலே கரும்பட்டின் இரண்டு கிளைகள் நோஞ்சானாக நிற்க, அடியிலிருந்து பச்சைப் பசேலென ஒரு கிளை கிளம்பியது. கிளம்பியதா? பாய்ந்தது! ஒரு வாரத்தில் ஒரு சாண். மறுவாரத்தில் ஒரு முழம். கரும்புள்ளி இல்லை, பூச்சி இல்லை, வாட்டம் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. நோட்டில் வளர்ச்சிக்கு இருபதுக்கு இருபத்தைந்து போட்டேன். மொத்தமே இருபதுதானே என்று மனைவி கேட்டதற்கு, சிறப்பு மதிப்பெண் என்றேன்.

அந்த வேளையில்தான் சகலை மேலே வந்தார். செடியைப் பார்த்தார். குனிந்து மண்ணை விலக்கிப் பார்த்தார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்: “அண்ணே, இது ஒட்டுக்குக் கீழ இருந்து வருது. பிச்சு எடுத்துடுங்க. விட்டா மேல உள்ளதைக் கொன்னுடும்.”

பதினான்கு வார்த்தைகூட இருக்காது. அந்த ஆண்டு அவர் என்னிடம் பேசியதிலேயே மிக நீளமான பேச்சு. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நன்றி தம்பி என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? அவர் செடி முழங்கால் உயரம்கூடத் தாண்டாதது பற்றி அக்கறையாக விசாரித்தேன். வயிற்றெரிச்சலுக்கு நம் தலைவர் கடையில் நல்ல மருந்து கிடைக்கும் என்றும் சொல்லிவைத்தேன். அவர் காபியைக் குடித்துவிட்டு இறங்கிப் போனார்.

அவர் போனதும் கத்தரியை எடுத்தேன். எதை வெட்டினேன்? எதை வெட்டினேன் என்று கேட்கிறேன்! பலசாலிக் கிளைக்குப் போக வேண்டிய சத்தை இந்த நோஞ்சான்கள் உறிஞ்சுகின்றனவே என்று, மேலே இருந்த இரண்டு கிளைகளையும் ஒட்டோடு சேர்த்து நறுக்கினேன். குறைபாட்டைத் தட்டித் தள்ளினேன். பெருமக்களே, அன்றைக்கு நான் தட்டித் தள்ளியது கரும்பட்டை. தட்டிக்கொடுத்து வளர்த்தது அடியில் இருந்த காட்டு ரோஜாவை.

நாற்பது பேர் மனக்கணக்குப் போடுவது எனக்குக் கேட்கிறது. ஆம் ஐயா. ஆம் அம்மா. போன ஆண்டு விழாவில், பெருந்தன்மை பொங்கிப் பெருக, என் எட்டடிச் செடியிலிருந்து நாற்பது குச்சிகளை நறுக்கி, நாற்பதிலும் “கரும்பட்டு” என்று தட்டச்சு செய்த சீட்டைக் கட்டி, நாற்பது பேருக்கு இந்த மேடையில்தான் வழங்கினேன். நீங்களும் எழுந்து நின்று கைதட்டினீர்கள். அந்த நாற்பதில் ஒன்றுகூடக் கரும்பட்டு இல்லை. நாற்பதும் காட்டு ரோஜா.

நீச்சல் பயிற்சியாளர் எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் ஐயா. அவர் வீட்டுச் செடி ஒன்பதடியாம், அதற்காகவே சாரம் கட்டியிருக்கிறாராம், தினமும் காலையில் அதன் முன்னால் நின்றுதான் மூச்சுப் பயிற்சி செய்கிறாராம். தொடருங்கள் ஐயா, மூச்சுக்கு எந்த ரோஜாவும் நல்லதுதான். போன ஆண்டுப் பூப்போட்டியில் நடுவராக நான் கொடுத்த முதல் பரிசுக் கோப்பையைத் திருப்பிக் கேட்பேனோ என்றும் பயப்பட வேண்டாம், அது உங்களிடமே இருக்கட்டும். தையற்கடை அக்கா என்ன சொல்கிறார்? அவர் செடி பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் நுழைந்து, அவர்கள் வீட்டு மின்விசிறியில் சிக்கி, இரண்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். அக்கா, அவர்களிடம் என் முகவரியைக் கொடுங்கள். தலைவர் அவர்களே, நீங்கள் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்ப்பதுதான் பயமாக இருக்கிறது. உங்கள் கடையின் விலை உயர்ந்த சத்து மருந்தில் பாதி அந்தச் செடிக்குத்தான் போயிருக்கிறது என்று உங்கள் வீட்டம்மா சொல்லக் கேட்டேன்.

இவ்வளவும் அறியாமை. அறியாமைக்குச் சிரித்துவிடலாம். இனி சொல்லப் போவதற்குச் சிரிக்க முடியாது.

அதே நாள், குச்சி வழங்குவதற்கு முன், பூக்களின் போட்டி நடந்தது. நான்தான் நடுவர். இந்த இடத்தில் நீள மேசை. முப்பது பாட்டில்களில் முப்பது பூக்கள். ஓரத்தில் என் சகலை கொண்டுவந்து வைத்த ஒரே ஒரு கரும்பட்டு. முழங்கால் உயரச் செடியில் அந்த ஆண்டு பூத்த பதினொன்றில் ஒன்று. குனிந்து முகர்ந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் பேச்சு நின்றுபோனது. ஆனால் என் கண் நிற்கவில்லையே! பூதக்கண்ணாடியை எடுத்தேன். காம்பில் இருந்த இலையை எண்ணினேன். ஓர் இலைக்கு ஐந்து சிற்றிலை. என் வீட்டுச் செடியில் ஏழு. ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய ஒரே வகை. இங்கே ஐந்து, அங்கே ஏழு. அப்படியானால் ஒன்று போலி. எது போலி? எட்டடி வளர்ந்து என் வீட்டில் நிற்பது போலியாக இருக்க முடியுமா? ஒரு கணம்கூட அந்த எண்ணம் எனக்கு வரவில்லை. இரண்டு பாட்டிலில் விரிசல் எதில் என்று பார்க்காமலேயே, அடுத்தவர் பாட்டிலைத் தட்டித் தள்ளினேன்.

மைக்கைப் பிடித்தேன். “இது கரும்பட்டு இல்லை. போலி. போட்டியிலிருந்து விலக்குகிறேன்” என்றேன். பாட்டிலை எடுத்து மேசைக்குக் கீழே வைத்தேன். சிலர் சிரித்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, சிரிக்கும்படியாகத்தான் நான் அதைச் சொன்னேன். அவர் எழுந்து வந்தார். மேசைக்குக் கீழே கைவிட்டுப் பாட்டிலை எடுத்தார். தண்ணீர் சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

அன்றிலிருந்து அவர் மேலே வரவில்லை. நான் கீழே போகவில்லை. சாவிகள் இரண்டு ஆணிக்குப் பிரிந்தன. அக்காவும் தங்கையும் யார் வீட்டுக்கும் போக முடியாமல், மாடிப்படி திரும்பும் இடத்தில் ஆளுக்கொரு படியில் உட்கார்ந்து பேசினார்கள். அங்கேயே காய் நறுக்கினார்கள். அங்கேயே அழுதார்கள். மேல்வீட்டிலும் கீழ்வீட்டிலும் மெத்தை நாற்காலி இருக்க, ஓராண்டாகச் சிமெண்டுப் படியில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் இடுப்பு வலி. ஒரு பூவின் இலையை எண்ணிய புண்ணியவான் நான் உள்ளே நாற்காலியில் கால்மேல் கால் போட்டு அமர்ந்து, என் செடி எப்போது பூக்கும் என்று காத்திருந்தேன்.

பூத்தது. மூன்று வாரத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முதலில் மொட்டுகள் கொத்துக் கொத்தாக வந்தன. ஒரு கொத்தில் முப்பது. ஒவ்வொன்றும் பட்டாணி அளவு. என்னே வளம், என்னே வனப்பு என்று அவற்றையும் நோட்டில் புகழ்ந்து எழுதினேன். மலர்ந்தது. வெள்ளை! கட்டைவிரல் நகமளவு. ஐந்தே ஐந்து இதழ். நான் கண்ணைக் கசக்கினேன். செடி கசங்கவில்லை. பத்தடி உயரத்துக்குப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றது.

உடனே அறிவாளி என்ன செய்வான்? படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து செடிக்கு மேல் போர்த்தினான். என் மனைவி வந்து பார்த்தாள். செடிக்குக் குளிர்கிறதா என்று கேட்டாள். விரிப்பை ஒரு பக்கம் தூக்கினாள். பூவைப் பார்த்தாள். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “அவர் அன்னிக்கே சொன்னாரே” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு கிளையை ஒடித்துச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு நர்சரிக்காரரிடம் ஓடினேன். அவர் பார்த்தார். கரும்பட்டுக் கிளை எங்கே என்றார். வெட்டிவிட்டேன் என்றேன். எதற்கு என்றார். இந்தக் கிளை நன்றாக வளர்வதற்காக என்றேன். அவர் பூவாளியைக் கீழே வைத்தார். ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டு, வந்து என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகும்படி சொன்னார். பிறகு பொறுமையாக விளக்கினார்: “மாப்பிள்ளையை வாசல்ல நிக்க வச்சுட்டு, கார் ஓட்டிட்டு வந்தவரை மேடையில உக்கார வச்சுட்டீங்க, சார்.”

வெட்கத்தோடு வேறொரு கரும்பட்டு கேட்டேன். அந்த வகை இப்போது வருவதே இல்லையாம். கண் எடுக்கத் தாய்ச்செடிகூட அவரிடம் இல்லையாம். கண் என்பது இலைக்காம்பின் இடுக்கில் துளிர்க்கக் காத்திருக்கும் சிறு மொட்டு. அதைச் சீவி எடுத்துத்தானே அடித்தண்டில் பதித்து ஒட்டுக் கட்டுகிறார்கள். நான் குச்சி குச்சியாக நாற்பது பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அழாத குறையாகச் சொன்னேன். அதற்கு அவர் சிரித்தார். அவர் அங்கே வரிசை வரிசையாக வளர்த்துக்கொண்டிருப்பதே அந்தக் காட்டு ரோஜாவைத்தானாம். அதன் வேர் இல்லாமல் எந்த நல்ல ரோஜாவும் நிற்காதாம். கெட்டது ஒன்றும் இல்லை, கண் மட்டும் கிடைத்தால் நாற்பதையும் கரும்பட்டாக்கிவிடலாம் என்றார். கண்ணுக்கு எங்கே போவது என்றேன். யாரிடமாவது ஒரு செடி உயிரோடு இருந்தால் அவர் காலில் விழுங்கள் என்றார்.

யாரிடம் இருக்கிறது? எங்கே இருக்கிறது? என் காலடியில் இருக்கிறது, பெருமக்களே! என் வீட்டுத் தரைக்கு நேர் கீழே, கீழ்வீட்டுப் பால்கனியில், முழங்கால் உயரத்தில் இருக்கிறது. நான் போலி என்று சொன்ன அதே செடி!

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். மாடிப்படியில் அவரைப் பார்க்கும்போது மெதுவாக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்துச் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “மைக்குல சொன்னதை மைக்குலதான் திருப்பி எடுக்கணும். படிக்கட்டுல முணுமுணுத்தா அது மன்னிப்பு இல்ல.”

தலைவர் அவர்கள் மணியில் கை வைக்கிறார். ஐயா, இன்னும் மூன்று நிமிடம். என் பேச்சுக்கு இல்லை, என் பாவத்துக்கு.

இதோ, போன ஆண்டின் பதிவேடு. இதில் என் கையெழுத்தில் “போலி” என்று இருக்கிறது. உங்கள் அனைவரின் முன்னிலையிலும் இதை அடிக்கிறேன். அடித்துவிட்டேன். அதற்குப் பக்கத்தில் எழுதுகிறேன்: இந்தப் பூ உண்மையானது. நடுவர்தான் போலி. கீழே கையெழுத்து. இன்றோடு நடுவர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். யாரும் வேண்டாம் என்று தடுக்கவில்லை, நன்றி.

சகலை! இருபத்திரண்டு ஆண்டுகள் குறை கண்டு கண்டு, என் குறையைக் காண எனக்கு ஒரு கண் இல்லாமல் போயிற்று. நீங்கள் சொன்னது சரி. நான் சொன்னது தவறு. தவறு மட்டும் இல்லை, உங்கள் பூவை முகர்ந்த அந்த நொடியிலேயே அது நல்ல பூ என்று என் மூக்குக்குத் தெரிந்தது. தெரிந்தும் சொன்னேன். என்னுடையதைவிட உங்களுடையது நன்றாக இருந்தது, அதை என்னால் தாங்க முடியவில்லை. அதுதான் உண்மை. அந்தப் பாட்டிலை நீங்கள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. என்னை மன்னியுங்கள்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். கேட்க முகம் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். எனக்காக அல்ல. என்னை நம்பி ஏமாந்த இந்த நாற்பது வீட்டுக்காக, உங்கள் கரும்பட்டிலிருந்து கண் தருவீர்களா? நாற்பது வேர்கள் காத்திருக்கின்றன. முரட்டு வேர்கள், முழு வீச்சில் வளர்ந்த வேர்கள், பழி இல்லாத வேர்கள். அவை எந்தக் குற்றமும் செய்யவில்லை. தாங்குவதற்குப் பிறந்தவற்றின் தலையில் மகுடம் சூட்டி, பூ எங்கே பூ எங்கே என்று அடம்பிடித்தவன் நான். தாங்குகிறவர் இல்லாமல் பூப்பவர் உண்டா? பூப்பவர் இல்லாமல் தாங்குகிறவருக்குத்தான் என்ன நிறைவு? மேலும் கீழும் சேர்ந்தால்தானே அது செடி! மேல்வீடும் கீழ்வீடும் சேர்ந்தால்தானே அது வீடு! கட்டுப் போடத் தெரிந்த கை உங்களுடையது. இதற்கும் ஒரு கட்டுப் போடுங்கள் என்று இந்த அவையின் முன் தலை தாழ்த்திக் கேட்கிறேன்.

அவர் எழுந்துவிட்டார்.

கதவுப் பக்கம் போகவில்லை. நிற்கிறார். யாராவது அவரிடம் ஒரு மைக்கைக் கொடுங்கள். வேண்டாம் என்கிறார். அவர் சொல்வது பின்னால் இருப்பவர்களுக்குத்தான் கேட்கும். முன்வரிசைக்காக நான் திரும்பச் சொல்கிறேன்.

ஒரே நேரத்தில் நாற்பது கண் எடுத்தால் செடி செத்துவிடுமாம். ஒரு பருவத்துக்கு ஆறு கண்தான் தேறுமாம். அந்த ஆறும் வளர்ந்த பிறகு அவற்றிலிருந்து அடுத்தவர்களுக்கு எடுக்க வேண்டுமாம். முதலில் தையற்கடை அக்காவுக்காம், மின்விசிறியைக் கருதி. அடுத்து தலைவர். சண்டை வேண்டாம், சண்டை வேண்டாம், எல்லாருக்கும் உண்டு என்கிறார். நாற்பது பேருக்கும் உண்டு.

என்னைப் பார்க்கிறார். இதையும் சொல்லிவிடுகிறேன், ஓர் எழுத்தையும் மாற்றாமல் சொல்கிறேன்: “அண்ணனுக்குக் கடைசி. நாப்பத்தொண்ணாவது. அதுவரைக்கும் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கீழ வந்து, நான் ஒட்டுக் கட்டுறப்போ எனக்கு நாடா பிடிக்கணும்.”

பெருமக்களே, கைதட்டலை நிறுத்துங்கள், நான் கணக்குப் போட வேண்டும். அவசரப்படாமல் பார்த்தால் மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். நான்கு ஆண்டு, வாரம் தவறாமல், அந்தப் பதினெட்டுப் படி இறங்கி, அந்த வீட்டுக் கதவைத் தட்டி உள்ளே போகலாம். இதைத் தண்டனை என்று யாராவது நினைத்தால், அவர்களுக்கு ஓராண்டு ஒரு வீட்டுக்குப் போகாமல் இருந்த பழக்கம் இல்லை. இரண்டாவது வரிசையைத் திரும்பிப் பார்க்காதீர்கள், அக்காவும் தங்கையும் போர்வையில் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார்கள், நான் பார்த்தால் எனக்கும் வந்துவிடும்.

என் பேச்சைப் பொறுத்த தலைவருக்கும், என் குச்சியைப் பொறுத்த நாற்பது வீட்டாருக்கும், என்னையே பொறுத்த என் மனைவிக்கும் நன்றி. பெரியோர்க்கும் தாய்மார்க்கும் கடைசி வரிசைக்கும் வரிசையின் கடைசி ஆள் கைகூப்பி விடைபெறுகிறேன். நாளை ஞாயிற்றுக்கிழமை, எனக்குக் கீழ்வீட்டில் வேலை இருக்கிறது.